இழுத்து அளக்கும் ஆற்றல்: ஒற்றை மூலக்கூறு ஆய்வுகள் தரும் எண்ணை எப்படிப் படிப்பது?

தசையில் உள்ள டைட்டின் என்னும் பெரும் புரதத்தில் ஐ-27 எனப் பெயரிடப்பட்ட ஒரு மடிப்பு இருக்கிறது. அணுவிசை நுண்ணோக்கியின் முனையில் பிணைத்து அதை இழுத்தால், 150 முதல் 300 பிக்கோநியூட்டன் (நியூட்டனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) வரையிலான விசையில்தான் அது அவிழ்கிறது. கொண்டை ஊசி போல மடிந்திருக்கும் ஆர்.என்.ஏ. துண்டு ஒன்றோ 20 பிக்கோநியூட்டனை எட்டும் முன்பே திறந்துகொள்கிறது. இந்த இரு எண்களை மட்டும் பார்ப்பவர் டைட்டின் மடிப்பே உறுதியானது என்று முடிவு செய்வார். ஆனால் நிலைப்புத்தன்மையின் முறையான அளவாகிய கட்டிலா ஆற்றலைப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. ஐ-27 மடிப்பின் கட்டிலா ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 7.5 கிலோகலோரி. 2005இல் அளக்கப்பட்ட ஓர் ஆர்.என்.ஏ. கொண்டை ஊசிக்கு அது ஏறத்தாழ 37 கிலோகலோரி.

பத்து மடங்கு விசை கேட்பது ஐந்து மடங்கு குறைந்த ஆற்றல் உடையதாக இருப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தெரியாதவரை, மருந்து மூலக்கூறுகள், புரத மடிப்பு, மரபணு வேதியியல் பற்றிய செய்திகளில் வரும் "ஒற்றை மூலக்கூறை இழுத்து அளந்தார்கள்" என்ற வரி நமக்கு ஒன்றையும் சொல்லாது. விசை, வேலை, கட்டிலா ஆற்றல் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு அளவுகள். முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குச் செல்லும் வழி 1997க்குப் பிறகுதான் தெளிவாயிற்று. அந்த வழியில் அளவீடு மட்டும் போதாது, எண்ணிக்கையும் தேவை என்பது அதற்கும் பின்னரே விளங்கியது.

## கட்டிலா ஆற்றல் என்றால் என்ன

மடிந்த நிலை, விரிந்த நிலை என இரண்டில் ஒன்றில் மட்டுமே இருக்கக்கூடிய மூலக்கூறு ஒன்றை எண்ணிக்கொள்வோம். சமநிலையில் அதை நெடுநேரம் விட்டுவிட்டால், ஒரு நிலையில் அது கழிக்கும் நேரத்துக்கும் மற்றதில் கழிக்கும் நேரத்துக்கும் உள்ள விகிதம் அவ்விரு நிலைகளின் கட்டிலா ஆற்றல் வேறுபாட்டை நேரடியாகச் சொல்லிவிடும். 25 டிகிரி செல்சியஸில் மோலுக்கு 1.36 கிலோகலோரி வேறுபாடு இருந்தால் விகிதம் பத்துக்கு ஒன்று. அதன் இரு மடங்கு இருந்தால் நூறுக்கு ஒன்று. பிணைப்புகளின் வலிமை மட்டுமன்றி, விரிந்த சங்கிலி எடுக்கக்கூடிய எண்ணற்ற வடிவங்களும், அதாவது என்ட்ரோபியும், இந்த ஒரே அளவுக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்தத் துறையில் கணக்குகளைப் பெரும்பாலும் போல்ட்ஸ்மேன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கிக் கிடைக்கும் ஆற்றலின் மடங்குகளாகவே எழுதுவார்கள். இங்கு அதை "வெப்ப அலகு" என்று குறிப்பிடுவோம். அறை வெப்பநிலையில் ஒரு வெப்ப அலகு என்பது 4.1 பிக்கோநியூட்டன்-நானோமீட்டர், மோல் கணக்கில் சொன்னால் 0.59 கிலோகலோரி. ஒற்றை மூலக்கூறை இழுக்கும் கருவிகள் உணரும் விசை பிக்கோநியூட்டன் அளவிலும், அவை உணரும் நகர்வு நானோமீட்டர் அளவிலும் இருப்பதால், வெப்பமே மூலக்கூறுகளை அசைக்கும் அந்த ஆற்றல் அளவை இவை தொட்டு அளக்க முடிகிறது.

நேரத்தின் விகிதத்தை எண்ணிவிட்டால் போதுமே, இழுப்பானேன் என்று கேட்கலாம். 37 கிலோகலோரி என்றால் விகிதம் ஒன்றுக்குப் பின் 27 சுழியங்கள் கொண்ட எண்ணுக்கு ஒன்று. ஒரு மோலில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையே 6க்குப் பின் 23 சுழியங்கள்தான். ஆகவே ஒரு மோல் ஆர்.என்.ஏ.வைக் குடுவையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாலும், எந்தக் கணத்திலும் அதில் ஒன்றேனும் முழுவதுமாகத் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சமநிலையை ஏதேனும் ஒரு வழியில் சாய்த்தாக வேண்டும். வேதியியலாளர்கள் நெடுங்காலமாகக் கரைசலைச் சூடாக்கி, 260 நானோமீட்டர் புறஊதா ஒளி எவ்வளவு உட்கவரப்படுகிறது என்று பார்த்து, உருகும் வெப்பநிலையில் கிடைத்த எண்ணைச் சாதாரண வெப்பநிலைக்குக் கணக்கால் இறக்கிக்கொண்டு வந்தார்கள். அது பயனுள்ள முறை, இன்றும் பயன்படுகிறது. ஆனால் கரைசலில் உள்ள கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரியே அதில் கிடைக்கும். நூற்றில் இரண்டு மட்டும் தவறாக மடிந்திருந்தால் அந்த இரண்டின் குரல் சராசரியில் அமிழ்ந்துவிடும்.

விசை என்பது சமநிலையைச் சாய்க்கும் இன்னொரு வழி. வெப்பநிலையை மாற்றாமல் ஒரே ஒரு மூலக்கூறை மட்டும் சாய்க்கலாம் என்பதே அதன் சிறப்பு.

## கருவியும் வரைபடமும்

1986இல் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கினும் உடன்பணியாளர்களும், நன்கு குவிக்கப்பட்ட ஒற்றை லேசர் கதிர் நுண்ணிய மணிகளை நீருக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று காட்டினார்கள். இதுவே ஒளியியல் இடுக்கி. இதற்காக ஆஷ்கினுக்கு 2018இல், அவருடைய 96ஆம் வயதில், இயற்பியல் நோபல் பரிசின் பாதி வழங்கப்பட்டது. குவியத்தில் சிக்கிய மணி ஒரு மென்மையான சுருள்வில்லில் கட்டப்பட்டதுபோல நடந்துகொள்கிறது. மையத்திலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால் அதன்மீது செயல்படும் விசை தெரிந்துவிடும்.

ஆய்வுக்குரிய மூலக்கூறின் இரு முனைகளிலும் சில நூறு கார இணைகள் (இரட்டை இழையின் ஏணிப்படிகள் போன்றவை) நீளமுள்ள இரட்டை இழைகள் "கைப்பிடி"களாக ஒட்டப்படுகின்றன. ஒரு கைப்பிடியின் நுனியில் பயோட்டின், மற்றதன் நுனியில் டிகாக்ஸிஜெனின் என ஒட்டிக்கொள்ள உதவும் சிறு மூலக்கூறுகள் இருக்கின்றன. இவை முறையே ஸ்ட்ரெப்டாவிடின் என்னும் புரதம் பூசிய மணியிலும், டிகாக்ஸிஜெனினுக்குரிய எதிர்ப்புரதம் பூசிய மணியிலும் போய் ஒட்டிக்கொள்கின்றன. இந்தப் பாலிஸ்டைரீன் மணிகளின் குறுக்களவு சில மைக்ரோமீட்டர்கள். ஒன்றை லேசர் பிடித்திருக்கிறது. மற்றொன்றைக் கண்ணாடி நுண்குழாயின் முனை உறிஞ்சிப் பிடித்திருக்கிறது. நுண்குழாயை மெல்ல நகர்த்தினால் மூலக்கூறு இழுபடுகிறது.

நகர்த்திய தூரத்துக்கு எதிராக விசையை வரைந்தால் முதலில் வளைகோடு சீராக ஏறும். கைப்பிடிகள் விறைப்பாவதன் அடையாளம் அது. பிறகு ஓரிடத்தில் விசை சட்டென்று விழும். கொண்டை ஊசி திறந்து, அதுவரை மடிந்திருந்த இழை வெளியே வந்து, இழுவிசை தளர்ந்த கணம் அது. அதன்பின் வளைகோடு புதிய, நீண்ட சங்கிலிக்குரிய கிளையில் மீண்டும் ஏறும். இந்த வரைபடத்தின் கீழுள்ள பரப்பே செய்யப்பட்ட வேலை.

ஓர் எளிய கணக்கு. 15 பிக்கோநியூட்டன் விசையில் ஒரு கொண்டை ஊசி திறந்து 18 நானோமீட்டர் நீண்டது என்று கொண்டால், பெருக்கிக் கிடைப்பது 270 பிக்கோநியூட்டன்-நானோமீட்டர், அதாவது சுமார் 66 வெப்ப அலகு.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம்.

1. விசை என்பது மடிந்த நிலைக்கும் விரிந்த நிலைக்கும் நடுவே மேடுபோல் நிற்கும் ஆற்றல் தடையின் செங்குத்துத் தன்மையைப் பொறுத்தது. ஐ-27 மடிப்பில் முக்கியமான ஹைட்ரஜன் பிணைப்புகள் இழுக்கும் திசைக்குக் குறுக்காக ஒரே தொகுப்பாக நிற்கின்றன. அவை சேர்ந்தே அறுபட வேண்டும். மடிந்த நிலையிலிருந்து தடையின் உச்சி வெறும் 0.25 நானோமீட்டர் அளவு தொலைவில் இருக்கிறது. இவ்வளவு குறுகிய தூரத்தில் ஆற்றலைத் திரட்ட மிகுந்த விசை தேவை. கொண்டை ஊசியில் கார இணைகள் பல்லிணைப்புப் பட்டையைப் போல ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஒவ்வொரு படியும் சிறியது, மொத்தத் தூரம் பெரியது.

2. ஆகவே குறைந்த விசை நீண்ட தூரத்துக்குச் செயல்பட்டு அதிக ஆற்றலைத் தரலாம். அதிக விசை தடையைத் தாண்ட மட்டுமே உதவி, தாண்டிய பின் வீணாகலாம்.

3. அவிழும் விசை ஒரு மாறாத எண்ணே கிடையாது. வேகமாக இழுத்தால் அது கூடும். மெதுவாக இழுத்தால் குறையும். 1978இல் ஜார்ஜ் பெல்லும், 1997இல் எவான் எவன்ஸும் கென் ரிச்சியும் முன்வைத்த கோட்பாடுகள் இதைத்தான் விளக்குகின்றன. இழுக்கும் வேகத்தைச் சொல்லாமல் "இந்த மூலக்கூறு இத்தனை பிக்கோநியூட்டனில் அவிழ்கிறது" என்று எழுதுவது அரைகுறைச் செய்தி.

## ஒரே மூலக்கூறு, ஒவ்வொரு முறையும் வேறு விடை

விசையை விட்டுவிட்டு வேலையை எடுத்துக்கொண்டாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. அதே மூலக்கூறை, அதே வேகத்தில், அதே தூரம் நூறு முறை இழுத்தால் நூறு வேறு வேறு வேலை மதிப்புகள் கிடைக்கின்றன. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொண்டிருப்பதால் சில முறை அது சீக்கிரமே திறக்கிறது, சில முறை அடம்பிடிக்கிறது. திரும்ப மடிய விடும்போது வரைபடம் வந்த வழியே செல்லாமல் கீழே வேறொரு பாதையில் செல்கிறது. இரு பாதைகளுக்கும் இடைப்பட்ட பரப்பு, மீளாமல் வெப்பமாகப் போன வேலை.

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இங்கு ஒரு வரம்பை மட்டும் தருகிறது: சராசரி வேலை கட்டிலா ஆற்றல் வேறுபாட்டுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும். சமக் குறி பொருந்துவதற்கு முடிவில்லா மெதுவில் இழுக்க வேண்டும். சில கொண்டை ஊசிகள் வேகமாகத் திறந்து மூடுவதால் நடைமுறையிலேயே இந்த மெதுவை எட்டிவிடலாம். பெர்க்லியில் கார்லோஸ் புஸ்டமான்டே, இக்னாசியோ டினோகோ ஆகியோரின் குழுக்கள் 2001இல் அப்படிப்பட்ட ஆர்.என்.ஏ. கொண்டை ஊசி ஒன்றை ஏறத்தாழ நிலையான விசையில் பிடித்து, அது இரு நிலைகளுக்கிடையே தாவித் தாவிச் செல்வதை நேரடியாகப் பதிவு செய்தன. ஆனால் பெரும்பாலான மடிப்புகளுக்கு இந்தப் பொறுமை போதாது. அவை தாமாகத் திறந்து மூடும் வரை கருவியும் நிலையாக நிற்காது, மூலக்கூறும் அறுபடாமல் இருக்காது.

இடையில் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். சில இழுப்புகளில் வேலை கட்டிலா ஆற்றலைவிடக் குறைவாகவே வரும். 2002இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று நுண்மணி ஒன்றைக் கொண்டு இத்தகைய தருணங்களை அளந்து வெளியிட்டபோது, அக்கட்டுரையின் தலைப்பிலேயே "இரண்டாம் விதி மீறல்" என்ற சொல் இருந்ததால், விதியே தகர்ந்துவிட்டதாகப் பலர் எண்ணினார்கள். இரண்டாம் விதி சராசரியைப் பற்றிப் பேசுவது. தனித்தனி இழுப்பில் நீர் மூலக்கூறுகளின் மோதல் தற்செயலாக நமக்கு உதவி, வேலையைக் குறைக்கலாம். சராசரி எடுத்தால் அந்த ஆதாயம் மறைந்துவிடும்.

அந்த அரிய, ஆதாயமான இழுப்புகளை ஒதுக்கிவிடக் கூடாது. விடை அவற்றில்தான் இருக்கிறது.

## ஜார்ஸின்ஸ்கி காட்டிய சமன்பாடு

1997இல் கிறிஸ்டோஃபர் ஜார்ஸின்ஸ்கி வெளியிட்ட முடிவு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. ஒவ்வோர் இழுப்பின் வேலையையும் வெப்ப அலகில் எழுதி, அதன் எதிர்மறையை அடுக்காகக் கொண்ட அடுக்குக்குறி மதிப்பைக் கண்டு, அம்மதிப்புகளின் சராசரியை எடுத்து, இயற்கை மடக்கை கண்டு குறியை மாற்றினால் கட்டிலா ஆற்றல் வேறுபாடு கிடைத்துவிடும். எவ்வளவு வேகமாக இழுத்தாலும், இடைவழியில் மூலக்கூறு சமநிலையிலிருந்து எவ்வளவு விலகினாலும் இது பொருந்தும். தொடங்கும்போது சமநிலையில் இருந்தால் போதும்.

நான்கு இழுப்புகளில் வேலை 10, 12, 14, 16 வெப்ப அலகுகளாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண சராசரி 13. அடுக்குக்குறிச் சராசரி வழியே கணக்கிட்டால் 11.2. இந்த இரண்டாவது கணக்கில், மிகக் குறைந்த வேலை கொண்ட முதல் இழுப்பு மட்டுமே மொத்தத்தில் 86 விழுக்காட்டை வழங்குகிறது. 16 அலகு செலவான இழுப்பின் பங்கு கால் விழுக்காட்டுக்கும் குறைவு. அரிய இழுப்புகளுக்கே எடை அதிகம் என்று மேலே சொன்னதன் பொருள் இதுதான்.

2001இல் கெர்ஹார்ட் ஹம்மரும் அட்டிலா சாபோவும் இதை இழுப்பு ஆய்வுகளுக்கு ஏற்ப விரித்தெழுதினார்கள். 2002இல் ஜான் லிப்ஹார்ட் முதலான பெர்க்லி ஆய்வாளர்கள், டெட்ராஹைமினா என்னும் ஒருசெல் உயிரியின் ஆர்.என்.ஏ. பகுதி ஒன்றை இழுத்து அதைச் சோதித்தார்கள். நொடிக்கு 2 முதல் 5 பிக்கோநியூட்டன் வரை விசையை ஏற்றியபோது செயல்முறை ஏறத்தாழ மீள்தன்மையோடு இருந்தது. 34, 52 என வேகத்தைக் கூட்டியபோது வேலை விரயமாயிற்று. வேகமான இழுப்புகளிலிருந்து ஜார்ஸின்ஸ்கி வழியில் கிடைத்த விடை, மெதுவான இழுப்பு தந்த விடையோடு அரை வெப்ப அலகுக்குள் ஒத்துப்போனது.

ஆனால் இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு கடுமையான விலை உண்டு. நம்பத்தகுந்த விடைக்குத் தேவைப்படும் இழுப்புகளின் எண்ணிக்கை, விரயமாகும் வேலையோடு அடுக்குக்குறி வேகத்தில் ஏறுகிறது. சராசரியாக 5 வெப்ப அலகு விரயமானால் தோராயமாக 150 இழுப்புகள். 10 விரயமானால் 22,000. 20 விரயமானால் 48 கோடி. ஒரே மூலக்கூறை அறுபடாமல் சில நூறு முறை இழுப்பதே அரிய செயல் என்பதை எண்ணினால், இழுப்புகள் போதாத இடத்தில் விடை எப்போதும் உயர்வாகவே சாயும் என்பதும் விளங்கும்.

## க்ரூக்ஸ்: திரும்பும் வழியையும் அள

1999இல் கேவின் க்ரூக்ஸ் காட்டிய தொடர்பு இந்தச் சிக்கலைப் பெரிதும் தணித்தது. மூலக்கூறை இழுத்து அவிழ்க்கும்போது செய்யும் வேலையின் பரவலையும், தளர்த்தி மடிய விடும்போது திரும்பக் கிடைக்கும் வேலையின் பரவலையும் ஒரே தாளில் வரைந்தால், இரு வளைகோடுகளும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். வெட்டும் புள்ளியின் மதிப்பே கட்டிலா ஆற்றல் வேறுபாடு. இழுக்கும் வேகத்தைக் கூட்டினால் பரவல்கள் இரண்டும் ஒன்றைவிட்டொன்று விலகும். வெட்டும் இடம் மட்டும் அசையாது.

2005இல் பெர்க்லி, பார்சிலோனா ஆய்வாளர்கள் ஜார்ஸின்ஸ்கியோடு சேர்ந்து இதை ஆர்.என்.ஏ. கொண்டை ஊசியில் சரிபார்த்தார்கள். நொடிக்கு 1.5, 7.5, 20 பிக்கோநியூட்டன் என மூன்று வேகங்களில் இழுத்தும் வெட்டும் புள்ளி சுமார் 110 வெப்ப அலகிலேயே நின்றது. ஆனால் அந்த 110ஐ அப்படியே கொண்டை ஊசியின் ஆற்றலாகக் கொள்ளக் கூடாது. கைப்பிடிகளை விறைப்பாக்கியதற்கும், அவிழ்ந்த ஒற்றை இழையை நீட்டியதற்கும், மணியை லேசரின் மையத்திலிருந்து நகர்த்தியதற்கும் ஆன பங்கு அதில் கலந்திருக்கிறது. அவற்றைக் கழித்த பிறகு மிஞ்சியது சுமார் 63 வெப்ப அலகு. இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 37 கிலோகலோரி இதுதான். அளந்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி கழித்தலில் போய்விடுகிறது. கழித்தல் எந்த மாதிரியைக் கொண்டு செய்யப்பட்டது, ஒற்றை இழையின் வளையும் தன்மைக்கு என்ன மதிப்பு வைக்கப்பட்டது என்பவை இறுதி எண்ணைச் சில அலகுகள் நகர்த்தக்கூடியவை. இத்துறையின் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது இந்தப் பகுதியைத்தான்.

வேலையின் வரையறையிலும் ஒரு பொறி இருக்கிறது. விசையை எந்தத் தூரத்தோடு பெருக்குவது? நாம் கட்டுப்படுத்தி நகர்த்துவது லேசர் குவியத்துக்கும் நுண்குழாய்க்கும் இடைப்பட்ட தூரம். மூலக்கூறின் நீளமோ தானாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பது. மேற்கண்ட சமன்பாடுகள் முதலாவதைக் கேட்கின்றன. இரண்டாவதைப் போட்டுக் கணக்கிட்டால் சராசரி ஏறத்தாழ சரியாகவே தோன்றும், பரவலின் வால், அதாவது அரிய மதிப்புகள் இருக்கும் ஓரம், மட்டும் தவறாக இருக்கும். விடையோ வாலில்தான் இருக்கிறது.

## நிலைகள் இரண்டுக்கு மேல் இருந்தால்

இதுவரை மூலக்கூறு முழுச் சமநிலையில் தொடங்குகிறது என்று கொண்டோம். உயிரணுக்குள் நடக்கும் முக்கியமான பலவற்றில் இந்த நிபந்தனை பொருந்துவதில்லை. அவிழும் வழியில் கண நேரம் மட்டும் தோன்றி மறையும் இடைநிலைகள் உண்டு. தவறாக மடிந்து, அதிலேயே நெடுநேரம் சிக்கிக்கொள்ளும் நிலைகளும் உண்டு. முன்னதை அளக்க அவகாசம் இல்லை. பின்னது சமநிலைக்கு வருவதே இல்லை.

பார்சிலோனாவில் பெலிக்ஸ் ரிட்டோர்ட்டின் குழு 2009இல் கோட்பாடாகவும் 2012இல் டி.என்.ஏ. கொண்டை ஊசிகளைக் கொண்டு ஆய்வாகவும் காட்டியது இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. முழுச் சமநிலை தேவையில்லை, பகுதிச் சமநிலை போதும் என்பதே அதன் சாரம். அதாவது, குறிப்பிட்ட ஒரு நிலைக்குள் அடங்கிய வடிவங்களிடையே மூலக்கூறு விரைவாகச் சுற்றிவந்து தன்னைச் சமப்படுத்திக்கொண்டிருந்தால் போதும். மற்ற நிலைகளை அது எட்டியிருக்க வேண்டியதில்லை.

செய்முறையைப் படிப்படியாகச் சொன்னால் இப்படி வரும்:

1. தொடக்கத்தில் ஒரு நிலையைத் தேர்க. முழுதாக மடிந்த நிலை என்று கொள்வோம். முடிவில் ஒரு நிலையைத் தேர்க. இடைநிலை என்று கொள்வோம். விசை–தூர வரைபடத்தில் ஒவ்வொரு நிலைக்கும் தனிக் கிளை இருப்பதால், மூலக்கூறு எந்த நிலையில் இருக்கிறது என்று அடையாளம் காணலாம்.

2. மடிந்த நிலையில் தொடங்கிய இழுப்புகளில், இடைநிலையில் முடிந்தவை எத்தனை பங்கு என்று எண்ணுக. அவற்றின் வேலைப் பரவலை மட்டும் வரைக.

3. திரும்பும் வழியில், இடைநிலையில் தொடங்கியவற்றுள் மடிந்த நிலையில் முடிந்தவை எத்தனை பங்கு என்று எண்ணுக. அவற்றின் பரவலையும் வரைக.

4. இரு பரவல்களும் வெட்டும் புள்ளியின் மதிப்பிலிருந்து, முதல் பங்கை இரண்டாம் பங்கால் வகுத்த ஈவின் இயற்கை மடக்கையைக் கழிக்க. மிஞ்சுவதே அந்த இரு நிலைகளுக்கிடையிலான கட்டிலா ஆற்றல் வேறுபாடு.

நான்காம் படியை விட்டுவிட்டால் என்னவாகும்? முன்செல்லும் நூறு இழுப்புகளில் 2 மட்டும் இடைநிலையில் முடிகின்றன. திரும்பும் நூறில் 80 மடிந்த நிலையில் முடிகின்றன. ஈவு 0.025, அதன் மடக்கை ஏறத்தாழ எதிர்மறை 3.7. ஆகவே உண்மையான விடை வெட்டும் புள்ளியைவிட 3.7 வெப்ப அலகு, அதாவது மோலுக்கு 2.2 கிலோகலோரி, அதிகம். நிகழ்தகவில் சொன்னால் இது 40 மடங்குப் பிழை. ஒரு மருந்து பிணைகிறதா இல்லையா என்ற தீர்ப்பையே மாற்றிவிடக்கூடிய அளவு அது.

ஏன் இப்படி எண்ண வேண்டியிருக்கிறது என்பதை ஓர் எல்லை நிலையில் எளிதாகப் பார்க்கலாம். மிக மெதுவாக இழுத்தால் வேலை எப்போதும் ஒன்றே. எந்த நிலையில் முடிந்தாலும் வேலைப் பரவலில் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் முடிவில் நூறில் இரண்டு முறை மட்டும் தோன்றும் ஒரு நிலை, மொத்தத்தைவிட ஐம்பதின் மடக்கை அளவுக்கு, அதாவது 3.9 வெப்ப அலகு, உயர்ந்த ஆற்றலில் இருக்கத்தான் வேண்டும். அந்தச் செய்தி வேலையில் இல்லை. எத்தனை முறை தோன்றியது என்ற எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

அரிதாகத் தோன்றும் நிலையை எண்ணுவதில் பிழை பெரிதாக இருக்காதா என்ற ஐயம் எழலாம். ஆயிரம் இழுப்புகளில் பத்து முறை தோன்றிய நிலைக்கு எண்ணிக்கைப் பிழை சுமார் 3, அதாவது 30 விழுக்காடு. மடக்கை எடுக்கும்போது அது 0.3 வெப்ப அலகாகச் சுருங்கிவிடுகிறது. கைப்பிடியைக் கழிப்பதில் வரும் பிழையைவிட இது சிறியது. உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது: இரு நிலைகளின் கிளைகள் வரைபடத்தில் மிக அருகருகே சென்றால், ஓர் இழுப்பை எந்த நிலையின் கணக்கில் எழுதுவது என்பதே தெளிவில்லாமல் போகும். டி.என்.ஏ. கொண்டை ஊசிகளில் கிளைகள் நன்கு பிரிந்திருக்குமாறு வரிசையை வடிவமைத்துக்கொள்ளலாம். புரதங்களில் அந்தச் சுதந்திரம் இல்லை. 2012இல் மைக்கேல் உட்சைடின் குழு பிரியான் புரதத்தின் ஒற்றை மூலக்கூறை இழுத்து, அது சரியாக மடியும் வழியிலிருந்து விலகிச் சென்று நுழையும் பல தவறான மடிப்புப் பாதைகளைக் கண்டது. அவை சிறிய, விரைந்து மறையும் அசைவுகளாகவே பதிவில் தெரிந்தன.

## இதனால் என்ன மாறியது

மரபணுச் சோதனைகளுக்கான குறுந்துண்டுகளை வடிவமைக்கும் மென்பொருள்கள், அடுத்தடுத்த கார இணைகளின் பத்து வகைச் சேர்க்கைகளுக்குத் தனித்தனி ஆற்றல் மதிப்பு வைத்துக் கணக்கிடுகின்றன. அந்த மதிப்புகள் கரைசலை உருக்கிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. 2010இல் ரிட்டோர்ட்டின் குழு நீண்ட டி.என்.ஏ. ஒன்றை நடுவே பிரித்துப் பிரித்து இழுத்து, பத்து மதிப்புகளையும் வெவ்வேறு உப்புச் செறிவுகளில் தனியாகக் கண்டது. உப்பின் விளைவு எல்லாச் சேர்க்கைகளுக்கும் ஒன்றே என்ற பழைய எளிமைப்படுத்தல் அங்கே திருத்தம் கண்டது. உப்புச் செறிவைக் குறிப்பிடாத ஆற்றல் எண், வெப்பநிலையைக் குறிப்பிடாத எண்ணைப் போலவே பயனற்றது.

2017இல் அதே குழு இந்த முறையை மூலக்கூறுகளின் பிணைப்புக்கு விரித்தது. டி.என்.ஏ. கொண்டை ஊசியோடு ஒரு நொதியோ சிறு மருந்து மூலக்கூறோ பிணைந்திருப்பதையே ஒரு "நிலை"யாக எடுத்துக்கொண்டார்கள். இழுத்துத் திறந்தால் பிணைந்தது விடுபடும். தளர்த்தினால் சில முறை மீண்டும் பிணையும், சில முறை வெறுமனே மூடும். மேலே சொன்ன அதே எண்ணிக்கை, அதே வெட்டும் புள்ளி. குறிப்பிட்ட வரிசையில் டி.என்.ஏ.வை வெட்டும் ஈகோ-ஆர்-1 நொதியையும், எக்கினோமைசின் என்னும் மருந்து மூலக்கூறையும் அவர்கள் இவ்வாறு அளந்தார்கள். கரைசலில் பிணையும் பொருளின் செறிவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் பிணைப்பின் கட்டிலா ஆற்றல் 2.3 வெப்ப அலகு மாற வேண்டும் என்பது வேதியியலின் பழைய நிறைத்தாக்க விதி. அந்த விதி நடைமுறையில் சரிபார்க்கப்பட்டது ஒரே ஒரு கொண்டை ஊசியை மறுபடி மறுபடி இழுத்து. எக்கினோமைசின் டி.என்.ஏ.வில் ஒன்றோடொன்று அண்டிப் பிணையும்போது இரண்டாவது மூலக்கூறு முதலாவதன் உதவியால் எவ்வளவு இறுகிப் பிணைகிறது என்பதும் இதே வழியில் எண்ணாகக் கிடைக்கிறது. கரைசலின் சராசரியில் "பிணைந்தவை" என்று ஒன்றாகக் கலந்துவிடும் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் இங்கே தனித்தனிக் கிளைகளாக நிற்கின்றன.